படம் சொல்றவ

இல்லம்மா, நான் கூடத்துக்குள்ள போகல. தண்ணிச் சொம்பை எடுக்கத்தான் எந்திரிச்சேன். அதுக்குள்ள ஏன் கையக் குறுக்க நீட்டுறீங்க. சரி, சரி, உக்காந்துட்டேன். பாருங்க, சப்பணம் போட்டே உக்காந்துட்டேன். மேடம் பாட்டில்ல தண்ணி வச்சிருக்காங்களா? எம்மவளுக்கும் ஒண்ணு வச்சிருக்கா? எந்தப் பக்கம் வச்சிருக்காங்க? இல்ல, வலது பக்கம் வச்சா நல்லது, இடது கையில போனு இருக்கும்... சரி விடுங்க. வேணும்னா கேட்டுக்குவா. அவளுக்கு வாய் இல்லையா என்ன. எனக்கு இருக்குறதுல பாதி இருந்தாலே ஊருக்குப் போதும்.

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்கம்மா. வந்தவங்களை அடுப்பங்கரையில உக்கார வச்சுட்டாளேன்னு நெனைக்காதீங்க. கூடத்தை விட்டா இந்த வீட்டுல தள்ளி இருக்குறது இது ஒண்ணுதான். வானதிதான பேரு சொன்னீங்க? மேடம் பேரு மங்களாம்பிகை. மெட்ராசு கம்பெனின்னதும் வாயில நொழையாத பேரா வரப்போவுதுன்னு பயந்துகிட்டு இருந்தேன். கார்லேருந்து எறங்குனா நம்ம கும்மோணத்துப் பக்கத்துப் பேரு.

மெதுவாவா? மெதுவாத்தாம்மா பேசுறேன். இதான் என் மெது. காலையிலேருந்து மிக்சி போடல, குக்கர் வைக்கல, டிவி ஒயரையே உருவிப் போட்டுட்டேன். தேங்காயக்கூட துருவிகிட்டு இருக்கேன் பாருங்க, பாலுக்குக் கையாலயே பிழிஞ்சுக்குவேன். அம்புட்டு சத்தத்தையும் நிறுத்தியாச்சு. என் வாயை மட்டும் விட்டுருங்க.

கொல்லைக் கதவு வழியாப் பாருங்க, அந்த மஞ்சக் கலரு மிஷினு நிக்கிதுல்ல, அது பஞ்சநதம் அண்ணன் வயலு. இன்னிக்கு அவருக்கு அறுப்பு. திருத்துறைப்பூண்டியிலேருந்து மிஷின் விடிகாலையிலயே வந்துருச்சு. நான்தான் போயி நின்னேன். அண்ணே, எம்மவளுக்கு இன்னிக்குப் பரீட்சை மாதிரி ஒண்ணு, வீட்டுலயே வச்சு நடக்குது, பேசுறது பதிவாவுதாம், முடியிற வரைக்கும் கெழக்க இருக்குறதை அறுங்கன்னேன். கெழக்க இன்னும் ஈரம் காயலங்குறாரு. மானத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, சரி முடிச்சுட்டு ஆள் அனுப்புன்னுட்டாரு. மழை எறங்குச்சுன்னா சாஞ்ச கதிரெல்லாம் வயல்லயே மொளைச்சிரும். அந்தா, வரப்புல நிக்கிறாரு பாருங்க. துண்டைத் தோள்ல போடுறாரு, எடுத்துத் தலையில கட்டுறாரு, அவுத்து மறுபடி தோள்ல போடுறாரு.

எவ்வளவு நேரம்மா ஆவும் இன்னும்?

பாதிதான் ஆயிருக்கா. அல்லாவே.

ஒண்ணு கேக்குறேன், சொல்லக் கூடாதுன்னா சொல்லாதீங்க. மொத்தம் மூணு பேருகிட்டத்தான இப்படி வச்சுப் பாக்குறீங்க? ஒருத்தரைத்தான மெட்ராசு ஆபீசுக்கு எடுக்கப் போறீங்க? மத்த ரெண்டு பேரு யாரு, எந்த ஊரு? சரி, சொல்ல வேணாம். அவங்களும் நல்லா இருக்கட்டும். ஆனா எம்மவளுக்குக் கெடைக்கட்டும். கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, கை சொன்ன பேச்சு கேக்காதவங்க, இவங்களுக்கெல்லாம் கம்பெனிப் பாடம் சரியா வருதான்னு பாத்துச் சொல்ற வேலைன்னு சொன்னா. பாடத்துக்கே பரீட்சை வைக்கிற வேலைம்மா அதுன்னா. அதைச் சொல்லும்போது அவ மூஞ்சியப் பாத்துருக்கணும் நீங்க. அந்த மாதிரி ஒரு மூஞ்சிய நான் பாத்து எத்தனையோ காலமாச்சு.

கேக்குதா? அந்தக் கடகடன்னு ஓடுது பாருங்க, அது போனு. அதுல என்னா இருக்குன்னு அவளுக்குப் படிச்சுக் காட்டுது. எனக்கு ஒரு மண்ணும் புரியாது, ரெண்டு கோழி கூடைக்குள்ள சண்டை போடுற மாதிரி இருக்கும். அவளுக்கு அதுவே மெதுவாம். இன்னும் வேகமா வைப்பாளாம், மேடம் கேக்கணுமேன்னு கொறைச்சு வச்சிருக்கா இன்னிக்கு.

பொறக்கும்போது நல்லாத்தாம்மா இருந்தா. பத்து வயசு வரைக்கும் துறுதுறுன்னு இருப்பா. சாயங்காலம் ஆனா மட்டும் வாசப்படி தடுக்கும். புள்ள நின்ன எடத்துல நிக்க மாட்டேங்குது, அதான் விழுவுதுன்னு நெனைச்சோம். தஞ்சாவூரு, மதுரன்னு பெரிய பெரிய டாக்டருகிட்ட காட்டுனோம். பார்வை ஓரத்துலேருந்து கருத்துகிட்டே வரும், மருந்து இல்லன்னுட்டாங்க. காலேசுல சேரும்போது கண்ணு சுத்தமா போயிருச்சு. மன்னார்குடியில பி.காம் படிச்சா. கூடப் படிச்ச புள்ளைங்க படிச்சுக் காட்டுச்சுங்க, கேட்டுக் கேட்டே பாசாயிட்டா. நான் எட்டாவது. நான் வயசுக்கு வந்த அன்னிக்கே எங்க வீட்டுல என் புஸ்தகப் பையை எடுத்துப் பரண்ல வச்சுட்டாங்க. அதனால படிக்கிறதுன்னா என்னான்னு எனக்கு இவளைப் பாத்துத்தான் தெரியும்.

காலேசு முடிச்சு சும்மா இருந்தப்பதான் இந்தக் கம்பியூட்டரு பாடம். வீட்டுலேருந்தே படிக்கலாம், கடைக்கணக்கு, வரிக்கணக்கு, முடிச்சா சர்டிபிகேட்டு. உங்க கம்பெனிதுதான். கோவிச்சுக்காதீங்க, சொல்லிடுறேன். மொதநாளு அவ அதைத் தொறந்தப்ப நான் பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சுகிட்டு இருந்தேன். தடவுனா, போனு பட்டன்னுச்சு. தள்ளுனா மறுபடி பட்டன்னுச்சு. பட்டன், பட்டன், பட்டன். எதுக்கு உண்டான பட்டன்னு ஒண்ணுக்கும் பேரு கெடையாது. ஒரு தெருவுல எல்லா வீடும் ஒரே மாதிரி, கதவுல பேருமில்ல நம்பருமில்லன்னா எந்தக் கதவைத் தட்டுவீங்க? படம் வந்தா, படம் பதினேழுங்கும், அம்புட்டுத்தான், அடுத்ததுக்குப் போயிரும். பதினேழுல என்னா இருக்கு? அது அல்லாவுக்கும் உங்க கம்பெனிக்கும்தான் வெளிச்சம். ஒரு எடத்துல பச்சையா இருக்குறதை மட்டும் இழுத்துட்டுப் போயி பொட்டிக்குள்ள போடணுமாம். இவ எந்தப் பச்சையக் கண்டா?

அவ போனைக் கீழ வச்சா. நான் கீரையக் கீழ வச்சேன். எடுடி, நான் சொல்றேன்னேன்.

அப்படி ஆரம்பிச்சதுதாம்மா. அவளுக்குப் படம் சொல்றதே என் வேலையாப் போச்சு.

சிரிக்காதீங்க, எனக்கு என்னா தெரியும்? எனக்கு எது தெரியுதோ அதைச் சொன்னேன். கோட்டு போட்ட ஒருத்தன் நிக்கிறான், தாடிய ஒழுங்கா ஒதுக்கல, பொண்டாட்டி பக்கத்துல இல்ல போலம்பேன். அம்மா, தாடி வேணாம், கையில என்னா வச்சிருக்கான்? பேப்பரு. பேப்பர்ல என்னா? எழுதிருக்கு. என்னா எழுதிருக்கு? எண்ணு. அந்த எண்ணைச் சொல்லும்மா! இப்படியே ஓடும். ஒரு படத்துல சேலை கட்டுன பொம்பளை ஒருத்தி மேசைக்குப் பின்னால உக்காந்திருந்தா. சேலை பருத்தி மாதிரி இருக்கு, ஆனா பார்டரு பட்டு, மடிப்பு சரியா எடுக்கலன்னு நான் சொல்லிகிட்டே போறேன், இவ தலையில கைய வச்சுகிட்டா. அந்தப் பொம்பளைக்கு மேல எத்தனை சதவீதம்னு போட்டுருந்துச்சாம், அதான் பாடமே. வட்டமா ஒண்ணு வரும், கலரு கலரா. ஆப்பத்தைப் பிச்சு வச்சாப்புல இருக்கும்மா, ஒரு துண்டு பெருசு, மத்ததெல்லாம் புள்ளைங்களுக்குக் குடுக்குற மாதிரி சின்னதுன்னேன். அதை மட்டும் அவ ரசிச்சா. ஆப்பம் போடு ஆப்பம் போடுன்னு கேப்பா அதுக்கப்புறம்.

எனக்கு வேலை இருந்தா போன்ல பேசிப் பதிஞ்சு வச்சுருவேன். அவ துணி தொவைச்சுட்டு வந்து கேட்டுக்குவா. அது எனக்குக் கைவந்த வேலைம்மா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் போனு வந்து கெடைச்ச வித்தை எனக்குக் கலியாணமானதுமே கெடைச்சிருச்சு.

எப்படின்னா கேக்குறீங்க. இவங்க அத்தா, என் வீட்டுக்காரரு காதர் மைதீன், கலியாணமாயி மூணாம் மாசம் சவுதிக்குக் கெளம்பிட்டாங்க. தம்மாமு. அப்ப தெருவுல நெறைய வீட்டுல அப்படித்தான், ஆம்பளை வாசனையே இருக்காது. போனெல்லாம் ஏது? லெட்டரு போட எனக்குக் கோர்வையா எழுத வராது, வீட்டுல பத்து பேரு படிப்பாங்க. அதுக்காக அவங்க ஒரு டேப்பு ரிக்கார்டரு குடுத்தனுப்புனாங்க, ஊருக்கு வந்த ஒருத்தருகிட்ட. கேசட்டு. அவங்க அதுல பேசி அனுப்புவாங்க, நான் அதுல பேசி அனுப்பணும். மொதல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. சலாம் சொல்லுவேன், அதோட பேச்சு நின்னுரும். சுவத்தைப் பாத்துகிட்டு என்னாத்தம்மா பேசுறது? அப்புறம் ஒரு யோசனை பண்ணேன். இதே அடுப்பங்கரையில, அந்த உப்பு ஜாடி இருக்குல்ல, அங்க வச்சுட்டு சமைச்சுகிட்டே பேச ஆரம்பிச்சேன். இப்ப வெங்காயம் போடுறேன், இப்ப மீனு கழுவுறேன், பூனை வந்து நிக்கிது. வந்துச்சு பாருங்க பதிலு. தாளிக்கிற சத்தம் கேட்டுச்சு, ரூம்ல இருந்த எட்டு பேரும் சோத்தைத் தட்டுல வச்சுகிட்டுச் சேந்து கேட்டோம்னு. எட்டு பேரும்மா! நான் பூனையத் திட்டுனது, மாமியாளப் பத்தி முணுமுணுத்தது, அம்புட்டையும். ரெண்டு மாசம் கேசட்டைத் தொடவே இல்ல நான்.

அப்புறம் பழகிருச்சு. இவ பொறந்தது, பல்லு மொளைச்சது, நடந்தது, எல்லாம் அவங்க கேசட்டுலதான் பாத்தாங்க. நான் சொல்லித்தான் பாத்தாங்க.

ஆனா ஒண்ணு. அதுல நல்லதைத்தான் சொல்லுவோம். நான் மட்டும் இல்ல, தெருவுல எல்லாப் பொம்பளைங்களும். கூரை ஒழுவுச்சுன்னா, மழை நல்லாப் பேஞ்சுதுன்னு சொல்லுவேன். காய்ச்சல்ல ஒரு வாரம் கெடந்தேன்னா, இந்த வாரம் நல்லா ஓய்வா இருந்தேம்பேன். பொய்யில்லைல்ல? அங்க இருக்குறவங்ககிட்ட கஷ்டத்தைச் சொல்லி என்னா ஆவப்போவுது? ஓடியா வரமுடியும்? சோறு எறங்காம உக்காந்திருப்பாங்க, அம்புட்டுத்தான். அதனால எதையும் கொஞ்சம் தேச்சு, மழுப்பி, மொனையில்லாமச் சொல்லிப் பழகிருச்சு நாக்கு.

அந்தப் பழக்கம்தாம்மா எம்மவளைக் கவுத்துச்சு.

எப்படின்னு கேளுங்க. பாடத்துல ஒரு கடை வரும். மாசா மாசம் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு கோடு போட்டுருப்பாங்க. ஆமா, அந்தப் படம்தான், உங்களுக்கே தெரியுதே. கோடு எப்படிம்மா போவுதுன்னா. ஏறுதும்மான்னேன். அப்புறம்? அப்புறம் கொஞ்சம் சறுக்குன மாதிரி இருக்கு, பரவால்ல, மறுபடி ஏறிடுதுன்னேன். கேள்வி என்னா? எந்த மாசம் கடை நட்டத்துல போச்சு? இவ எந்த மாசமும் இல்லன்னு போட்டா. தப்பு. அந்தக் கேள்வி சரியா வந்தாத்தான் அடுத்த பாடம் தொறக்குமாம். மறுபடி கேட்டா, மறுபடி அதையே சொன்னேன், மூணாந் தடவையும் அதையே சொன்னேன். தப்பு. மூணு தடவை தப்பானா மொதல்லேருந்து எல்லாப் பாடத்தையும் படிக்கணுமாம்ல, அது யாரு வச்ச சட்டம்? நீங்க இல்லையா. யாரோ. நல்லா இருக்கட்டும்.

ரெண்டு மாசப் படிப்பு போச்சு. அவ அழுவல. சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டிகிட்டு உக்காந்தா. அம்மா, வாயால சொல்லாதே, அந்தக் கோடு எப்படிப் போவுதோ அப்படியே என் முதுகுல விரலால போடுன்னா. போட்டேன். ஏறுச்சு, தோள்பட்டை வரைக்கும் ஏறுச்சு. அப்புறம் எறங்குச்சு. எறங்குச்சும்மா, என் விரலு அவ இடுப்புக்கு வந்துருச்சு. எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது அது எவ்வளவு பள்ளம்னு. அவ திரும்பாமலே சிரிச்சா. அம்மா, அத்தாவுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லாதேன்னா.

அன்னிக்குத்தான் உங்க கம்பெனிக்கு எழுத ஆரம்பிச்சா. அம்மா, நீ சொல்லி நான் படிக்கிறது பத்தாதும்மா, படமே சொல்லணும்னா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு நாளு சரியா பேசல அவகிட்ட. ரெண்டு நாளுன்னா, எனக்கு அது ரெண்டு வருஷம்.

எத்தனையோ மெயிலு போட்டா. உங்கள் மடல் கிடைத்தது, நன்றின்னு வரும், அதோட சரி. கடைசியா போனு பட்டன் பட்டன்னு கத்துறதை அப்படியே பதிஞ்சு அனுப்பிச்சா. அதைத்தான் மேடம் கேட்டாங்களாம். கம்பியூட்டரோட டிவிய அணைச்சுட்டு, வெறும் சத்தத்தை வச்சு அவங்க பாடத்தை அவங்களே தொறந்து பாத்தாங்களாம். மொதப் பக்கத்தைத் தாண்ட முடியலன்னு இவளுக்குப் போன் போட்டுச் சொன்னாங்க. பெரிய மனசுதான். எத்தனை பேரு ஒத்துக்குவாங்க? அதுலேருந்து ஒரு வருஷமா இதைத் தட்டி எடுத்துகிட்டு இருக்கீங்க எல்லாரும். பட்டனுக்குப் பேரு வச்சாச்சு. இழுத்துப் போடுற கேள்வியெல்லாம் எடுத்தாச்சு. காது கேக்காதவங்களுக்குப் பேச்சை எழுத்தா ஓடவிட்டாச்சு. படத்துக்கெல்லாம் இது என்னா படம்னு உள்ளாற எழுதி வச்சாச்சு, போனு அதைப் படிச்சுக் காட்டும். அதானம்மா?

அதெல்லாம் யாரு எழுதுறது?

நீங்களா! எல்லாப் படத்துக்குமா? அட என் கண்ணே, வந்தப்பவே சொல்லக் கூடாதா? உங்களைப் போயி காவல்காரின்னு நெனைச்சுகிட்டு இருந்தேன். அப்ப நீங்களும் நம்ம தொழிலுதான். அந்தக் கோட்டுக்கு என்னா எழுதியிருக்கீங்க, சொல்லுங்க, மறந்திருக்க மாட்டீங்க. ம். ம். அக்டோபர்ல வரவு செலவைவிடக் கீழே போகிறது. அவ்வளவுதானா? டிசம்பர்ல மறுபடி சமம். ம். சுருக்கமா இருக்கு. தாடிக்காரனுக்கு? அவனை விட்டுட்டீங்களா? அலங்காரப் படமா? அப்ப போனு அவனைத் தாண்டிப் போயிருமா? பாவம், இத்தனை நாளு நான் அவனை எத்தனை தடவை இவளுக்குச் சொல்லியிருப்பேன்.

இல்ல, நல்லா இருக்கும்மா நீங்க எழுதுனது. மழுப்பல் இல்ல. கீழன்னா கீழன்னு இருக்கு.

இருங்க. சத்தம் நின்னுருச்சு. ஏன் நின்னுச்சு? மேடம் ஏதாச்சும் சொன்னாங்களா? ஒரு எட்டு கதவுகிட்ட நின்னு... சரி, போகல. என்னாம்மா, உங்க போன்ல வந்துருக்கா? மேடமா? என்னா போட்டுருக்காங்க? அந்தக் கோட்டுக்கு வந்துருக்காளா. அதே படமா. யா அல்லா. நீங்க எழுதுனது கேக்குமில்ல? சரியாக் கேக்குமில்ல?

பஞ்சநதம் அண்ணன் மிஷின் மேல ஏறி உக்காந்துட்டாரு. மானம் மேக்க கறுக்குது. கொஞ்சம் பொறுங்கண்ணே, கொஞ்சம்.

டிங்ன்னுச்சே! அது சரின்னா அடிக்கிற மணிதான? தப்புன்னா வேற மாதிரி பொய்ங்னு வரும், எனக்கு நல்லாத் தெரியும், அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போயிருக்கு. சரிதானம்மா? போட்டுட்டாளா? மொதத் தடவையிலயேவா? நான் சொல்லாமலேவா?

அழுவல. தேங்காத் துருவலு கண்ணுல தெறிச்சிருச்சு.

அப்புறம் என்னா இருக்கு? இன்னும் ரெண்டு பகுதியா? அவ வாயால பேசிப் பதியணுமா, எங்க கஷ்டமா இருந்துச்சு, எங்க சுளுவா இருந்துச்சுன்னு? அது முடிஞ்சுதான் மேடம் வேலையப் பத்திக் கேப்பாங்களா, இன்னிக்கேவா? இன்னிக்கே கேட்டுருங்கம்மா. நாளைக்கு நாளைக்கழிச்சுன்னு போடாதீங்க.

என்னா? நான் பேசக் கூடாதா? அது முடியிற வரைக்கும் கொஞ்சங்கூடவா?

அது முடியாதும்மா. வேற என்னா வேணும்னாலும் சொல்லுங்க. இந்த அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கிறேன். போர்வையப் போட்டு மூடிகிட்டு வேணும்னாலும் பேசுறேன். பேச்சை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க.

ஏன்னு கேட்டா... கிட்ட வாங்க. ஸ்டூலை இழுக்காதீங்க, சத்தம் வரும், அப்படியே எந்திரிச்சு வாங்க.

அவ ஒரு காதைத்தாம்மா போனுக்குக் குடுப்பா. இன்னொரு காதை எப்பவும் வீட்டுக்கு விட்டு வச்சிருப்பா. நான் எங்க நிக்கிறேன், என்னா பண்றேன், கோவத்துல இருக்கேனா, அழுதேனா, எல்லாம் அந்தக் காதுக்குத் தெரியும். பக்கத்துல போனா மூச்சு வாங்குறதை வச்சே சொல்லிருவா. நான் பக்கத்துல இருந்தா நடுவுல வாய் வச்சிருவேன், என்னை உள்ள விடாதீங்கன்னு மேடம் எறங்குனதும் நானே சொன்னேன்ல. அது பாதிதான் நெசம். தூரத்துலேருந்து வளவளன்னு பேசிகிட்டே இருந்தா அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அம்மா எப்பவும் போல இருக்கான்னு அவ பாட்டுக்கு வேலையப் பாப்பா. பேச்சு நின்னாத்தான் என்னம்மாம்பா.

காலையில அஹமது கபீர்னு ஒருத்தரு பேசுனாரு. தம்மாமுல இவங்க அத்தாவோட ஒரே ரூம்ல இருக்குறவரு. இவங்க அத்தா சாயங்காலம் திருச்சியில எறங்குறாங்களாம். மொத்தமா வர்றாங்களாம். என் கொழுந்தன் ஜாஃபர் சாதிக் கார் எடுத்துகிட்டுக் கெளம்பிட்டாரு. தனியா அனுப்பல, இன்னொருத்தர் கையப் புடிச்சுக் கூட்டியாராராம். சக்கரைம்மா. ரெண்டு கண்ணும். போயி ஆறு மாசம் ஆச்சாம். போன்ல கேமரா ஒடஞ்சுபோச்சு, குரலைக் கேட்டாப் போதும், மூஞ்சியப் பாத்து என்னா பண்ணப் போறேன்னு எங்ககிட்ட சொல்லிகிட்டு இருந்தாங்க. நானும் சரின்னு இருந்துட்டேன். என் கூரையை அவங்க நம்புனாங்க, அவங்க கேமராவை நான் நம்புனேன்.

இவளுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா அந்தப் போனைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு வந்துருவா. மெட்ராசு வேணாங்குவா. அத்தாவுக்கு நடக்கச் சொல்லித் தரணும், போனு தடவச் சொல்லித் தரணும், என்னை விட்டா இந்த வீட்டுல யாருக்குத் தெரியும்பா. நெசந்தான், அவளை விட்டா யாருக்கும் தெரியாது. அதுக்காக? இப்பத்தான் ஒரு கதவு பேரு சொல்லிகிட்டுத் தொறந்துருக்கு அவளுக்கு. மேடம் கேக்கட்டும், வர்றியான்னு. அவ வாயால வர்றேன்னு சொல்லட்டும். சொல்லிட்டா மாத்த மாட்டா, அந்தப் புடிவாதம் அவ அத்தாவோடது. அதுக்கப்புறம் நானே பக்கத்துல உக்காந்து சொல்லிருவேன். மழுப்பாம, உள்ளது உள்ளபடி.

அவங்களை நான் பாத்துக்குவேம்மா. கலியாணமானதுலேருந்து நான் சொல்லித்தான எதையும் பாக்குறாங்க. தம்மாமுல இருந்தா என்னா, கூடத்துல இருந்தா என்னா.

நீங்க ஏம்மா இப்ப...

ஆ? ஒண்ணுமில்லம்மா! ஒண்ணுமில்ல, தேங்கா மூடி கை வழுக்கிருச்சு! நீ உன் வேலையப் பாரு! இங்கதான் இருக்கேன், வானதியோட பேசிகிட்டு இருக்கேன்!

பாத்தீங்களா, கொஞ்சம் கொரலைத் தாழ்த்துனதுக்கே கேட்டுட்டா. மூக்கை உறிஞ்சாதீங்கம்மா, அதுவும் கேக்கும். மொகத்தைத் தொடைங்க. என்கிட்ட எதையாச்சும் கேளுங்க, சத்தமா, சிரிச்சுகிட்டே கேளுங்க. என்னாத்தையாவது. தேங்காப்பால் திரியாம எப்படிக் காய்ச்சுறதுன்னு கேளுங்க.

ஆங், அப்படிக் கேளுங்க! அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லம்மா, மொதப் பாலைத் தனியா எடுத்து வச்சிரணும், ரெண்டாம் பாலைத்தான் மொதல்ல அடுப்புல ஏத்தணும், தீயை நல்லாக் கொறைச்சு வச்சு, கிண்டுறதை நிறுத்தவே கூடாது, கைய எடுத்தீங்கன்னா போச்சு...